கரையும் கறையும்

அரபு இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவர்க்குச் சொற்களின் வேரைத் தேடிச் செல்லும் பயிற்சியை மதரஸாக்களில் அளிப்பதுண்டு. அப்பயிற்சியில் நாம் விரும்பி எடுத்தாளும் சொற்களுள் ஒன்று ‘முஸீபத்’. நம் இல்லங்களில் பெரியவர்கள் அன்றாடம் வழங்கும் சொல்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் முஸீபத். விளைந்த பயிர் அழிந்தாலும் முஸீபத். புயல் வந்து கூரையைப் பெயர்த்தாலும் முஸீபத். ஆனால் அச்சொல்லின் வேரை நோக்கினால், குறி தவறாது சென்று தைத்தல் என்னும் பொருள் அங்கே இருக்கக் காண்கிறோம். வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு இலக்கிற் பட்டது என்பதைக் கூற அரபியர் வழங்கும் வினைச்சொல்லும் இவ்வேரிற் பிறந்ததே.

ஒருநாள் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், அம்பு எய்பவன் குறி பார்த்து எய்கிறான். வெள்ளமும் அப்படி ஆளைப் பார்த்துத்தான் வருகிறதா?” என்று வினவினார்.

கேட்டவர் சிறுவர், வினாவோ சிறிதன்று. அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவு தரவில்லை. பின்னர் ஓய்வு வாய்த்த போதெல்லாம் பேரிடர்களின் வரலாறுகளைத் தேடிப் படித்து வந்தோம். அவற்றுள், அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் 2005ஆம் ஆண்டில் நீரில் மூழ்கிய வரலாறு அம்மாணவரின் வினாவுக்கு நேரே விடை பகர்வதாய் அமைந்திருக்கிறது. அதனையே இங்கு வாசகர்கள்முன் வைக்கின்றோம்.

கிண்ணத்தினுள் ஒரு நகரம்

மிஸிஸிப்பி ஆறு மெக்ஸிகோ வளைகுடாவிற் கலப்பதற்கு முன்னர்ப் பெரியதொரு வளைவாக வளைந்து செல்லும் இடத்தில், 1718ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இந்நகரை நிறுவினார்கள். வடக்கே பான்சர்ட்ரெயின் என்னும் பேரேரி, தெற்கே ஆறு, கிழக்கே சதுப்பு நிலமும் அதனையடுத்துக் கடலும். ஆறு பன்னெடுங்காலமாகக் கொண்டுவந்து குவித்த வண்டலால் ஆற்றோரம் மட்டும் சற்று மேடாயிருந்தது. முதலில் வந்தவர்கள் அம்மேட்டிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றும் ‘பிரெஞ்சுக் குடியிருப்பு’ என வழங்கும் பழைய நகர்ப்பகுதி அதுவே.

இருபதாம் நூற்றாண்டில் பெரிய நீரேற்றுப் பொறிகளைக் கொண்டு பின்புறச் சதுப்பை வடித்து அங்கும் தெருக்களை அமைத்தனர். நீர் வடிந்த சதுப்பு மண் காய்ந்து சுருங்கித் தாழ்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல நகரத்தின் ஏறத்தாழப் பாதி, கடல் மட்டத்திற்கும் கீழே போய்விட்டது. சுற்றிலும் கரை, நடுவே பள்ளம் என்று ஒரு கிண்ணத்தினுள் குடியிருப்பது போன்ற வாழ்வு! பெய்யும் மழைநீரைக்கூட இறைத்து வெளியேற்றினாலன்றி வடியாது.

அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தோர் இந்நகரில் மிகுதி. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள் 4,84,674 பேர். அவர்களில் மூன்றில் இருபங்கினர் கறுப்பின மக்கள். தாழ்ந்த பகுதிகள் பலவற்றில் அவர்களே நிறைந்து வாழ்ந்தார்கள். ‘கீழ் ஒன்பதாம் வட்டம்’ என்னும் பகுதி அவற்றுள் ஒன்று. 1923இல் வெட்டப்பட்ட கப்பற் கால்வாய் ஒன்று அதனை நகரிலிருந்து பிரித்து வைத்திருந்தது. துறைமுகத் தொழிலாளரும் கைவினைஞரும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. வசதி படைத்த வெள்ளையர் வாழ்ந்த ஏரிக்கரைப் பகுதிகளும் பள்ளத்திலேயே இருந்தன. இதனை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நேர்மை. ஏனெனில், வெள்ளம் வந்தபோது அது தோலின் நிறத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

1927: கரையின்மேல் மனிதர்

2005ஐ விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் 1927க்குச் செல்ல வேண்டும். முந்திய ஆண்டின் கோடை இறுதியிலிருந்தே மிஸிஸிப்பி ஆற்றின் மேற்பகுதிகளில் அடைமழை. 1927 ஏப்ரல் 21 அன்று, மிஸிஸிப்பி மாநிலத்தில் மௌண்ட்ஸ் லேண்டிங் என்னுமிடத்தில் ஆற்றின் மண்கரை உடைந்தது. அவ்வாண்டு வெள்ளத்தில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். மிஸிஸிப்பிச் சமவெளியில் பருத்தித் தோட்டங்களில் வாரத்திற்குப் பயிரிட்டு வந்த கறுப்பின ஏழைகளே அவர்களில் மிகப் பலர்.

கிரீன்வில் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கானோர் கரையின்மேல் ஒதுங்கினர். ஒருபுறம் ஆறு, மறுபுறம் வெள்ளம், நடுவே சில அடி அகலமுள்ள ஈரமண். அவர்களை ஏற்றிச் செல்ல நீராவிக் கப்பல்கள் வந்து நின்றன. எனினும் வெள்ளையர் சிலர் மட்டுமே ஏறிச் சென்றனர். கறுப்பர்கள் கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள். கப்பலில் ஏறிப் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள், தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காது என்று தோட்ட முதலாளிகள் அஞ்சியதே காரணம். நிவாரணக் குழுவின் தலைவராயிருந்த வில்லியம் அலெக்ஸாண்டர் பெர்ஸி அம்மக்களை அனுப்பிவிடவே முதலில் எண்ணினார். பெருந்தோட்டக்காரரான அவருடைய தந்தையார் குழு உறுப்பினர்களிடம் தனித்தனியே பேசி அம்முடிவை மாற்றிவிட்டார். இதனை மகனே 1941இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார்.

பிறகு அக்கரை ஒரு முகாமாயிற்று. துப்பாக்கி ஏந்திய தேசியக் காவற்படை காவல் நின்றது. அட்டை அணிந்தவர்க்கே உணவு. அட்டை வேண்டுமாயின் கரை வேலை செய்ய வேண்டும். மறுத்த கறுப்பர் ஒருவரை அவ்வாண்டு ஜூலையில் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நிவாரணப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய வணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர், டஸ்கீகி கல்வி நிலையத் தலைவர் இராபர்ட் மோட்டன் தலைமையில் கறுப்பினப் பெரியோர் குழுவொன்றை அமைத்தார். குழு உள்ளதைக் கண்டு உரைத்தது. ஆனால் கடுமையான செய்திகள் பொதுமக்கள் பார்வைக்கு வராமல் அமுக்கப்பட்டன. வெள்ள நிவாரணத்தால் புகழ் பெற்ற ஹூவர் 1928இல் குடியரசுத் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். மோட்டனுக்கு அவர் காட்டிய நம்பிக்கைகள் நிறைவேறவில்லை.

அதே 1927இல் நியூ ஆர்லியன்ஸில் வேறொன்று நிகழ்ந்தது. நகரைக் காக்க வேண்டும் என்று கூறி, வங்கி முதலாளிகள் அரசின் இசைவு பெற்று, ஏப்ரல் 29 அன்று நகருக்குக் கீழே கெர்னார்வன் என்னும் இடத்தில் கரையை வெடி வைத்துத் தகர்த்தனர். அப்பகுதியில் வாழ்ந்த ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வீடு வாசல் இழந்தனர். அவர்களிற் பலர் சதுப்பில் விலங்கு பிடித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்த ஏழை வெள்ளையர். இழப்பீடு தருவதாக வாக்களித்தார்கள். கொடுத்ததோ மிகச் சிறிது. ஆற்றின் மேற்பகுதியில் கரைகள் தாமே உடைந்து நீர் வேறு வழியிற் சென்றுவிட்டமையால் அவ்வெடிப்பே தேவையற்றதாயிற்று என்பது பின்னர்த் தெரிந்தது. ஓரிடத்தில் நிறம் பார்த்தார்கள். மற்றோரிடத்தில் பணம் பார்த்தார்கள். இரண்டிடத்தும் பலியானவர்கள் கேட்பாரற்றவர்களே.

இவ்வெள்ளத்தின் பயனாக 1928 மே 15 அன்று வெள்ளத் தடுப்புச் சட்டம் பிறந்தது. ஆற்றுக் கரைகளைக் காக்கும் பொறுப்பைக் கூட்டரசு ஏற்றுப் படைத்துறைப் பொறியாளர் பிரிவிடம் ஒப்படைத்தது. ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு விதியும் இடம்பெற்றது. வெள்ளத்தால் விளையும் எந்தச் சேதத்திற்கும் கூட்டரசு எவ்வகையிலும் ஈடு செய்யக் கடமைப்பட்டதன்று என்பதே அவ்விதி. கரையைக் கட்டும் உரிமை உண்டு. கரை உடைந்தால் கேள்வி இல்லை! இவ்விதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

ஒரு புயலுக்கும் மறு புயலுக்கும் இடையே

1965 செப்டம்பரில் பெட்ஸி என்னும் சூறாவளி தாக்கியது. கீழ் ஒன்பதாம் வட்டம் மூழ்கிற்று. மறுநாளே குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் விமானத்தில் வந்திறங்கி, மின்விளக்கில்லாத தங்குமிடத்துள் கைவிளக்கு வெளிச்சத்தில் நுழைந்து மக்களைக் கண்டார். கரையை வேண்டுமென்றே உடைத்துவிட்டார்கள் என்ற பேச்சு அப்போது கறுப்பின மக்களிடையே பரவியது. அதற்குச் சான்றில்லை. ஆயினும் அப்பேச்சு வெறுங்காற்றிற் பிறந்ததன்று. கெர்னார்வன் வெடியோசை அவர்களுடைய பெற்றோரின் காதில் விழுந்திருந்தது. ஒருமுறை செய்த அநியாயம், பின்னால் நிகழாத அநியாயத்தையும் நம்பத்தக்கதாக்கிவிடுகிறது.

நகரைச் சுற்றிச் சூறாவளித் தடுப்புக் கரைகள் கட்ட அவ்வாண்டே காங்கிரஸ் இசைவளித்தது. 13 ஆண்டுகளில் முடியும் என்று கணக்கிட்ட பணி, 40 ஆண்டுகள் கழிந்து 2005 வந்தபோதும் முடியவில்லை. இதற்கிடையே 1960களில் கப்பல்கள் விரைந்து வரவென்று கடலிலிருந்து நகருக்கு நேரே நீண்ட கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். உப்புநீர் ஏறிச் சதுப்புக் காடுகள் பட்டுப்போயின. புயலின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரண் இவ்வாறு அழிந்தது.

2004 ஜூலையில் அதிகாரிகள் ஒன்றுகூடி, கற்பனைப் புயல் ஒன்றிற்குப் ‘பாம்’ எனப் பெயரிட்டு ஒத்திகை பார்த்தனர். நகரம் மூழ்கும், வண்டியில்லாதோர் சிக்கிக்கொள்வர் என்பதையெல்லாம் அவ்வொத்திகை முன்கூட்டியே காட்டிற்று. அதனைத் தொடர்ந்து செய்ய வேண்டியவை முற்றுப்பெறவில்லை. ஆகவே, யாரும் எதிர்பாராதது நிகழ்ந்தது என்று பின்னர்க் கூறப்பட்டதை ஏற்பதற்கில்லை.

2005 ஆகஸ்ட் 29

கத்ரினா என்னும் சூறாவளி அத்திங்கட்கிழமை காலையில் கரையேறியது. அனைவரும் நகரைவிட்டு வெளியேற வேண்டும் என்னும் கட்டாய ஆணையை நகர முதல்வர் ரே நேகின் முந்திய நாள் ஞாயிறன்றுதான் பிறப்பித்தார். வண்டியுள்ளவர்கள் புறப்பட்டார்கள். நகரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டாரிடம் வண்டியில்லை. கறுப்பர் வீடுகளில் மூன்றில் ஒன்றில் இல்லை. அதுவோ மாதக் கடைசி; கையில் காசு தீர்ந்திருக்கும் நேரம். பள்ளிப் பேருந்துகள் பல, நின்ற இடத்திலேயே நீரில் மூழ்கின. ‘வெளியேறு’ என்று சொன்னவர்கள் ‘எவ்வாறு’ என்பதைச் சொல்லவில்லை.

அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரைகள் உடைந்தன. நகரின் எண்பது விழுக்காட்டுப் பரப்பு மூழ்கியது. கறுப்பர் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டமும் மூழ்கியது. வசதியுள்ள வெள்ளையர் வாழ்ந்த லேக்வியூவும் மூழ்கியது. ஆனால் நீர் வந்த வேளையில் வீட்டிலிருந்தவர் யார், முன்னரே வெளியூர் விடுதியில் இருந்தவர் யார் என்பதிலேதான் வேறுபாடு. பெரிய விளையாட்டரங்கில் இருபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் தஞ்சம் புகுந்தனர். மாநாட்டு மண்டபத்தில் இன்னும் பல்லாயிரவர். உணவில்லை, குடிநீரில்லை, மின்சாரமில்லை. மாநாட்டு மண்டபத்தில் மக்கள் கிடந்து தவிப்பதைத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருக்க, கூட்டரசின் பேரிடர் அதிகாரிகள் தமக்கு அச்செய்தியே தெரியாதெனக் கூறினர். ஐந்தாம் நாளான செப்டம்பர் 2 அன்றுதான் படையினரின் உணவு வண்டிகள் அங்கே வந்து சேர்ந்தன.

இருளிலும் ஒளி இருந்தது. கடலோரக் காவற்படை முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கூரைகளிலிருந்தும் நீரிலிருந்தும் மீட்டது. லூயிசியானாவின் சிற்றூர்களிலிருந்து வெள்ளையின மீனவர்கள் தம் படகுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, முன்பின் அறியாத கறுப்பினக் குடும்பங்களைக் காப்பாற்றினர். யாரும் அவர்களை அழைக்கவில்லை. எவரும் அவர்களுக்கு ஆணையிடவுமில்லை.

நாவிலிருந்து வந்த வெள்ளம்

ஹதீஸ் கலை பயில்வோர்க்கு முதலிற் கற்பிக்கப்படுவது, செய்தியை நோக்குமுன் அதனைச் சொன்னவர் வரிசையை நோக்குக என்பதாகும். யார் கண்டார், யாரிடம் சொன்னார், அவர் நம்பத்தக்கவரா என்று கேட்டுக் கேட்டே ஒரு செய்தியை ஏற்பர். அவ்வொழுங்கு இல்லாவிடின் என்ன நேரும் என்பதை அந்த வாரம் உலகிற்குக் காட்டியது.

விளையாட்டரங்கினுள் கொலைகள் மலிந்துவிட்டன, கைக்குழந்தைகளும் கற்பழிக்கப்படுகின்றன, மீட்புக்கு வரும் ஹெலிகாப்டர்களை நோக்கிச் சுடுகிறார்கள் என்றெல்லாம் செய்திகள் பறந்தன. நகர முதல்வரும் நகரக் காவல்துறைத் தலைவரும் தொலைக்காட்சியில் தோன்றி அவற்றையே திரும்பச் சொன்னார்கள். கவனிக்க: அவ்விருவரும் கறுப்பினத்தவரே. தம் மக்களைப் பற்றிய பழியைத் தாமே நம்பி உரைத்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, அரங்கில் இறந்து கிடந்தவர்கள் அறுவர் எனத் தெரிந்தது. நால்வர் இயற்கையாக இறந்தவர். ஒருவர் போதைப்பொருளால் இறந்தவர். ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர் எனக் கருதப்பட்டவர். கொலையுண்டவர் எவருமில்லை. காவல்துறைத் தலைவர் அம்மாத இறுதியில் பதவி விலகினார்.

இவ்வதந்திகளுக்கு விலை உண்டு. ஆகஸ்ட் 31 அன்று ஏறத்தாழ 1,500 காவலர்கள் மீட்புப் பணியை விட்டுக் கொள்ளையைத் தடுக்கச் செல்லுமாறு ஆணையிடப்பட்டது. கூரைமேல் கையசைத்து நின்றவரைக் காட்டிலும் கடையிலிருந்த பொருள் பெரிதாயிற்று. செப்டம்பர் 1 அன்று, ஆற்றுப் பாலத்தின் வழியே நடந்து வெளியேற முயன்ற மக்களை மறுகரையிலிருந்த கிரெட்னா ஊரின் காவலர்கள் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டுத் திருப்பியனுப்பினார்கள். செப்டம்பர் 4 அன்று டான்ஸிகர் பாலத்தில் நகரக் காவலர்கள், ஆயுதமற்ற கறுப்பினத்தவர் அறுவரைச் சுட்டனர். அவர்களில் 17 வயது இளைஞர் ஒருவரும், மனவளர்ச்சி குன்றிய 40 வயதினர் ஒருவரும் மாண்டனர். நடந்ததை மறைக்கக் காவலர்கள் பொய்ச்சான்று புனைந்தனர். 2011இல் தண்டனைத் தீர்ப்பு. 2013இல் அரசு வழக்கறிஞர்களின் முறைகேட்டால் அத்தீர்ப்பு நீக்கம். இறுதியில் 2016இல்தான் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

சொல்லின் வேற்றுமையை அந்நாட்களில் வெளியான இரு நிழற்படங்கள் எடுத்துக்காட்டின. இரண்டிலும் மார்பளவு நீரில் உணவுப் பொருளுடன் செல்வோர். கறுப்பின இளைஞர் கடையைக் ‘கொள்ளையடித்துவிட்டு’ வருவதாக ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தது. வெள்ளையர் இருவர் உணவைக் ‘கண்டெடுத்து’ வருவதாக மற்றொன்றின் கீழே. படங்கள் வெவ்வேறு செய்தி நிறுவனங்களுடையவை. எழுதியவர்கள் ஒருவரையொருவர் கலந்து பேசியவர்களல்லர். கலந்து பேசாமலேயே அவ்வாறு எழுத வந்தது என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

பழி யாரைச் சேரும்?

நகரம் நீரில் நிற்கும்போதே பழி கைமாறத் தொடங்கிவிட்டது. நகர முதல்வர் மாநிலத்தையும் கூட்டரசையும் சாடினார். மாநில ஆளுநர் கேத்லீன் பிளாங்கோ, கேட்ட உதவி வரவில்லை என்றார். மாநிலம் முறையாகக் கேட்கவில்லை என்று கூட்டரசினர் கூறினர். ஆளுநர் ஒரு கட்சி, குடியரசுத் தலைவர் மறு கட்சி. தேசியக் காவற்படையை யார் நடத்துவது என்னும் வாதத்தில் மணிகள் கழிந்தன. பேரிடர் நிறுவனத்தின் தலைவராயிருந்த மைக்கேல் பிரவுன், அரசுப் பணிக்கு வருமுன் பல்லாண்டுகள் அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் குதிரைக் காட்சி நடுவர்களை மேற்பார்க்கும் பதவியில் இருந்தவர். அரபுக் குதிரையின் அருமையை நாம் அறியாதவர்களல்லோம். எனினும் வெள்ளம் குதிரைக் காட்சியன்று. செப்டம்பர் 12 அன்று அவர் பதவி விலகினார். மறுநாள், கூட்டரசின் குறைகளுக்குத் தாம் பொறுப்பேற்பதாகக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார்.

அம்மாதத்தில் பியூ ஆய்வு நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டது. பாதிக்கப்பட்டோர் வெள்ளையராயிருந்தால் அரசு விரைந்து வந்திருக்கும் என்று கறுப்பரில் நூற்றுக்கு 66 பேர் கூறினர். வெள்ளையரில் 17 பேரே அவ்வாறு கூறினர். ஒரே நிகழ்ச்சியை ஒரே தொலைக்காட்சியில் கண்ட ஒரே நாட்டு மக்கள்! ஒருசாராருக்கு 1927 நினைவில் இருந்தது, மறுசாராருக்கு இல்லை.

இவ்வளவு வாதத்திடையே அடிப்படைக் காரணம் மறைந்து நின்றது. பதினேழாம் தெருக் கால்வாயிலும் இலண்டன் அவென்யூக் கால்வாயிலும் இருந்த கரைச்சுவர்கள், நீர் அவற்றின் தலைக்குமேல் ஏறுமுன்னரே சரிந்தன. மென்களிமண்ணும் தளர்ந்த மணலும் உள்ள நிலத்தில் எஃகுத் தகடுகளைப் போதிய ஆழத்திற்கு இறக்காமற் கட்டியதே குறை. 2006 ஜூனில் படைத்துறைப் பொறியாளர் பிரிவின் தலைவரே இக்குறையை ஒப்புக்கொண்டார். அதாவது, நகரை மூழ்கடித்தது புயல் மட்டுமன்று. காக்கும் எனச் சொல்லிக் கட்டப்பட்ட சுவர்.

மக்கள் நீதிமன்றம் சென்றனர். அப்போதுதான் 1928ஆம் ஆண்டின் விதி எழுந்து வந்து வாயிலில் நின்றது. நீதிபதி ஸ்டான்வுட் டுவால் 2008இல் பொறியாளர் பிரிவைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் அவ்விதியின் காரணமாகக் கால்வாய்ச் சுவர் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியவரானார். கப்பற் கால்வாயைப் பேணாமல் விட்ட வழக்கில் 2009இல் அவரே மக்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2012இல் மேல்நீதிமன்றம் அதனையும் மாற்றிவிட்டது. குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது, குற்றத்தின் ஈடு மட்டும் யார்மேலும் விழவில்லை. 1927இன் ஏழைகளைக் காக்க எழுந்த சட்டம், 2005இன் ஏழைகளின் வாயை அடைத்தது.

தண்டனை என்றோர்

இன்னொரு வகைப் பழியும் எழுந்தது. களியாட்டத்திற்குப் பெயர்பெற்ற நகரம் இறைவனின் தண்டனையைப் பெற்றது என்று அமெரிக்கப் போதகர்கள் சிலர் பேசினார்கள். ஈராக்கிற் படை நடத்திய நாட்டிற்கு வந்த தண்டனை என்று அரபு ஏட்டிலும் எழுதினார்கள். 2006 ஜனவரியில் நகர முதல்வர் நேகினும் இறைவன் அமெரிக்காவின்மீது சினங்கொண்டிருக்கிறான் எனப் பேசிப் பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

இவர்களெல்லாம் நகரின் படத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். மதுக்கடைகளும் களியாட்டங்களும் மலிந்த பிரெஞ்சுக் குடியிருப்பு மேட்டில் இருந்தது. அங்கே வெள்ளம் பெரும்பாலும் ஏறவேயில்லை. மூழ்கியது, ஞாயிறுதோறும் வழிபாட்டிற்குச் செல்லும் தொழிலாளர் வாழ்ந்த கீழ் ஒன்பதாம் வட்டம். லூயிசியானாவில் இறந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். நடக்கவியலாமல் படுக்கையில் கிடந்த மூதாட்டியா களியாடினார்? இராணுவத்தை ஈராக்கிற்கு அனுப்பினார்? இறைவனின் தீர்ப்பைத் தாம் படித்தறிந்ததாக உரைப்பது துணிச்சல் மட்டுமன்று. கரையைச் சரிவரக் கட்டாத மனிதனின் குற்றத்தை இறைவன்மேல் ஏற்றுவதுமாகும்.

நல்லோர் வேறு வழியிற் சென்றனர். எட்டு மாதங்களுக்கு முன்னர் ஆழிப்பேரலையில் அடியுண்ட இலங்கையும், புயலுக்குப் பழகிய வங்காளதேசமும் தம்மால் இயன்றதைத் தர முன்வந்தன. இந்திய விமானப்படையின் விமானம் ஒன்று நிவாரணப் பொருள்களுடன் அமெரிக்காவில் இறங்கிற்று. கத்தார் நாடு பத்துக்கோடி டாலர் வழங்கியது. அதில் ஒரு பகுதியைக்கொண்டு, நியூ ஆர்லியன்ஸிலுள்ள கறுப்பின மாணவர்க்கான கத்தோலிக்கப் பல்கலைக்கழகமாகிய சேவியரில் மருந்தியல் கல்விக்கான கட்டடம் எழுந்தது. தண்டனை என்று எழுதிய மையைக் காட்டிலும் அக்கட்டடத்தின் செங்கல் நீடித்து நிற்கும்.

திரும்பி வராதவர்கள்

இறந்தோர் தொகை 1,833 என முதலிற் கூறப்பட்டது. 2023இல் அமெரிக்கச் சூறாவளி மையம் அதனை 1,392 எனத் திருத்தியது. வீடு கட்ட லூயிசியானா மாநிலம் அளித்த உதவியோ, வீட்டின் பழைய விலை, திரும்பக் கட்டும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அடிப்படையாகக் கொண்டது. ஒரே அளவு மரமும் ஆணியும் வேண்டிய இரு வீடுகளில், கறுப்பர் தெருவிலிருந்த வீட்டின் சந்தை விலை குறைவு. ஆகவே உதவியும் குறைவு. கணக்கில் நிறம் என்ற சொல்லே இல்லை. கணக்கின் விடையில் நிறம் இருந்தது. வழக்கு நடந்து 2011இல் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் பலர் வேற்றூர்களில் வேர்விட்டுவிட்டனர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்கள் 3,43,829 பேர்.

பின்னர் ஏறத்தாழ 1,450 கோடி டாலர் செலவில் புதிய கரைகளும் வாயில்களும் கட்டப்பட்டன. 2021இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா என்னும் கடுஞ்சூறாவளி வந்தது. மின்சாரம் போயிற்று; துன்பம் மிகுதி; எனினும் நகரைக் காத்த கரைகள் உடையவில்லை. ஒழுங்காகக் கட்டினால் நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 2005இல் உடைந்ததற்கு விதியைக் காட்டியவர்களுக்கு இதுவே மறுமொழி.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். வெள்ளம் ஆளைக் குறிபார்த்து வருவதில்லை. ஆனால் அது வருமுன்னரே, பள்ளத்தில் யார் வாழ்வது, எந்தக் கரைக்கு எவ்வளவு செலவிடுவது, எவரிடம் வண்டியிருப்பது, எவருடைய அழுகுரலை நம்புவது என்பவற்றையெல்லாம் மனிதர்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். நீர் அம்முடிவுகளின் வழியே பாய்கிறது. அம்பு இலக்கிற் படுகிறதென்றால், வில்லை வளைத்து நாணேற்றி வைத்தவர்கள் நாமாகவும் இருக்கலாம்.

நம் வீடுகளுக்கும் பேரிடர்ச் செய்திகள் வரத்தான் செய்கின்றன. ‘அவர்கள் செய்ததற்கு வந்தது’ என்று சொல்ல நம் நாவும் துடிப்பதுண்டு. அப்போது, இதனை யார் கண்டார், யார் சொன்னார், கரையைக் கட்டியவர் யார் என்று ஒருகணம் கேட்போமாயின், மூழ்கியவர்மேல் மேலும் ஒரு கறை படியாமற் காத்தவர்களாவோம். கரையைக் கட்டப் பொறியாளர்கள் வேண்டும்; இக்கறையைத் தடுக்க ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவர் போதும்.